செக்குபந்தி

“எங்க வூட்டுக் கதை எனக்கு இன்னா தெரியும் கண்ணு? எதிர்வூட்டுக் கதையக் கேளு, சொல்றேன்.”

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில், திண்ணை ஒன்றில் தறிக்குத் தார் சுற்றிக்கொண்டே ஓர் ஆயா இப்படிச் சொன்னபோது, தட்டிக் கழிக்கிறார் என்றுதான் நினைத்தேன். நோட்டை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். இந்த வேலையின் முதல் பாடத்தையே அவர் சொல்லியிருக்கிறார் என்று புரிய எனக்கு இருபது வருஷம் பிடித்தது.

நான் வாத்தியார். அப்பா தறிக்குழியில் மிதித்த காசில் படித்து, பள்ளிக்கூடத்தில் சுண்ணக்கட்டி பிடித்தவன். ஞாயிற்றுக்கிழமைகளும் கோடை விடுமுறைகளும் மட்டும் வேறொரு வேலைக்குப் போயின. காஞ்சிபுரத்து நெசவுத் தெருக்களில் வீடு வீடாகப் போய், யார் யாருக்குப் பிள்ளை, எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த வருஷம் வீடு கட்டினார்கள் என்று எழுதி வைக்கும் வேலை. ஓய்வு பெற்ற பிறகு அதுவே முழுநேர வேலையாகிவிட்டது. இப்போது நாற்பதுக்கு மேற்பட்ட நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன. யாரும் கேட்டு எழுதியவை அல்ல.

ஆரம்பித்தது என் வீட்டுக்காகத்தான். ஏழு தலைமுறை எழுதிவிட வேண்டும் என்று ஆசை. எங்கள் டிரங்குப் பெட்டியில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம், இரண்டு ஜாதகம், பூச்சி அரித்த கல்யாணப் பத்திரிகைகள், தறிக்கணக்கு எழுதிய நீள நோட்டு ஒன்று. தாத்தா வரைக்கும் வண்டி சுலபமாக ஓடியது. தாத்தாவின் அம்மாவிடம் போய் நின்றுவிட்டது. அந்த அம்மாவை எல்லோரும் ‘பெரியாயா’ என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். இளம் வயதில் தாலி இழந்து, தனியாகத் தறி நடத்தி, வீட்டைக் காப்பாற்றியவர் என்று கதை உண்டு. பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. பெட்டியை எத்தனை முறை கவிழ்த்தும் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் இங்கிலாந்துக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் 1538இல் ஓர் ஆணை போட்டார். ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் புத்தகத்தில் பதிய வேண்டும் என்று. அதனால் ஒரு சின்னக் கிராமத்துக் கூலிக்காரருக்குக்கூட நானூறு வருஷத்து முன்னோரைத் தேட ஒரு கோயில், ஒரு புத்தகம் போதும். காஞ்சிபுரத்தில் நகராட்சி வந்ததே 1866இல். சென்னை மாகாணத்தின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல். அதன் பிறகும் வீட்டில் பிறந்த குழந்தைக்கும், பெண்ணுக்கும், பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட பிள்ளைக்கும் பதிவு இருக்கும் என்று உறுதி இல்லை. ஓர் அலுவலகத்தில் பழைய கட்டு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அவிழ்த்தபோது கரையான் மண்தான் கொட்டியது. எடுத்துக் கொடுத்த ஊழியர் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார்.

எங்கள் வீட்டைப் பற்றி எங்கள் வீட்டில் கொஞ்சம்தான் இருக்கிறது. பாக்கியெல்லாம் அடுத்தவர் கையில். இதை எனக்கு முதலில் காட்டியது மொய் நோட்டு.

நம்முடைய கல்யாணத்துக்கு எழுதிய மொய் நோட்டில் நாம் இருக்க மாட்டோம். ஊர் இருக்கும். நாம் இருப்பது ஊரார் வீட்டு மொய் நோட்டுகளில். யார் வீட்டுக் கல்யாணத்தில் நம் தாத்தா எத்தனை ரூபாய் எழுதினார், எந்த வருஷத்திலிருந்து அவர் பெயர் நின்று அப்பா பெயர் வருகிறது என்று பார்த்தாலே தாத்தா இறந்த காலம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். தாய்மாமன் மொய் தனியாக எழுதப்பட்டிருக்கும். அதிலிருந்து அந்த வீட்டு அம்மாள் எந்த வீட்டுப் பெண் என்று பிடிக்கலாம். கொடுத்தது பெரிய தொகை என்றால் சம்பந்தியோ நெருங்கிய பங்காளியோ. வழக்கமாக எழுதியவர் திடீரென்று எழுதவில்லை என்றால் சண்டை. அடுத்த கல்யாணத்தில் இரட்டிப்பாக எழுதியிருந்தால் சமாதானம்.

பழைய நோட்டுகளைப் படிக்கக் கண் பழக வேண்டும். தொகை தமிழ் எண்ணில் இருக்கும். ௧ என்பது ‘க’ போலவும் ௨ என்பது ‘உ’ போலவும் தெரியும். பக்கத்தின் தலையில் போட்ட பிள்ளையார் சுழியை இரண்டு என்று படித்து, எல்லாப் பக்கமும் இரண்டாம் பக்கமாக இருக்கிறதே என்று நான் ஒரு மதியம் முழுவதும் குழம்பியது உண்டு. அரைக்கால், மாகாணி, முந்திரி என்ற பின்னங்களைப் படிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பழைய ஜரிகைக் கடைக் கணக்குப்பிள்ளை.

தேதி இன்னொரு கண்ணி. நோட்டில் 1937 என்று இருக்காது, ‘தாது வருஷம் மாசி மாதம்’ என்று இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். தாது என்றால் 1876-77ஆகவும் இருக்கலாம், 1936-37ஆகவும் இருக்கலாம். ஒரு வீட்டில் இப்படி ஒரு நோட்டைக் காட்டி, “தாது வருஷப் பஞ்சத்துலயே எங்க வூட்ல எவ்ளோ தடபுடலாக் கல்யாணம் நடந்திருக்குது பாருங்க” என்றார்கள். ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்த பஞ்சத்தில் முந்நூறு பேர் மொய் எழுதினார்களா? ரூபாய், அணா இரண்டு காலத்துக்கும் பொது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எட்டாவது பக்கத்தில் எதிர்வீட்டுப் பெரியவர் பெயர் இருந்தது. அவர் பேரனிடம் போய் அவருடைய பள்ளிச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். பிறந்தது 1912. கல்யாணம் 1937 என்று ஆயிற்று. பஞ்சக் கதை போனதில் அந்த வீட்டுக்காரர்களுக்கு என் மேல் கொஞ்ச நாள் கோபம்.

அந்தச் சான்றிதழையும் நான் அப்படியே நம்பிவிடவில்லை. என் தலைமுறைக்காரர்களில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில், ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். பெற்றவர்களுக்குத் தேதி தெரியாது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் சேர்க்கை. தேதியை வாத்தியார் போட்டுக்கொள்வார். நானே அப்படி எத்தனை பிள்ளைகளைப் பெற்றெடுத்திருக்கிறேன்! பதிவேட்டை எழுதியவனே அதைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டான் என்பதுதான் இந்த வேலையால் எனக்கு வந்த லாபம்.

தேதி தெரியாதவர்களிடம் தேதி கேட்கக் கூடாது, பக்கத்தில் நடந்ததைக் கேட்க வேண்டும். எங்கள் ஊருக்கு இதில் ஒரு பாக்கியம் உண்டு. வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துக்குள் இருக்கும் அத்தி வரதர் 1979இல் வெளியே வந்தார், பிறகு 2019இல் வந்தார். “அத்தி வரதர் வந்தப்ப பெரியவன் வயித்துல, கூட்டத்துல நிக்க முடியல” என்று ஓர் அம்மா சொன்னால் பெரியவனுக்கு வயது போட்டுவிடலாம். அண்ணா இறந்தது, நூல் கிடைக்காமல் தறிகள் நின்று தெருவில் கஞ்சித்தொட்டி வைத்தது, முதல் ஜக்கார்டு பெட்டி ஏறியது, எல்லாமே கடிகாரம்தான். ஒருவர் சொல்வதை அடுத்த திண்ணைக்காரர் சொல்வதோடு வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே வார்த்தையில் இருந்தால் சந்தேகம் வர வேண்டும், ஒருவரிடம் கேட்டு மற்றவர் சொல்கிறார் என்று பொருள்.

பெயர்கள் படுத்தும் பாடு தனி. பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தா பெயரைத் தாங்குகிறவன். ஏகாம்பரம் மகன் கந்தசாமி, கந்தசாமி மகன் ஏகாம்பரம், அவன் மகன் மறுபடியும் கந்தசாமி. இரண்டு பெயரை வைத்துக்கொண்டு இருநூறு வருஷம் ஓட்டிய குடும்பங்கள் உண்டு. இவர்களைப் பிரிக்க நான் கண்ட வழி மனைவியும் வாசலும்தான். எந்த ஏகாம்பரம்? எந்த வீட்டில் பெண் எடுத்த ஏகாம்பரம், எந்தக் கோயில் பக்கத்து வாசல்? பெயரே சில நேரம் வாசலைக் காட்டும். பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரமும் காமாட்சியும் அதிகம். சின்னக் காஞ்சிபுரத்தில் வரதன், தேவராஜன், பெருந்தேவி. சின்னக் காஞ்சிபுரத்துக் குடும்பத்தில் திடீரென்று ஒரு காமாட்சி வந்தால், அது பெரும்பாலும் பெரிய காஞ்சிபுரத்திலிருந்து வந்த மருமகளின் அம்மா பெயர்.

“நாங்க ஆதிகாலத்துலருந்து காஞ்சிபுரம்தான்” என்று எல்லோரும் சொல்வார்கள். நான் மறுப்பதில்லை. காதுகுத்துக்கு எங்கே போவீர்கள் என்று மட்டும் கேட்பேன். ஆரணிப் பக்கம், வந்தவாசிப் பக்கம் என்று ஏதாவது ஒரு கிராமத்தின் பெயர் வரும். குலதெய்வம் இருக்கும் ஊர்தான் புறப்பட்ட ஊர். தறியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் சாமியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அந்தக் கோயில் பூசாரியிடம் போனால், காஞ்சிபுரத்தில் நமக்குத் தெரியாத நம் பங்காளிகள் நாலு வீட்டைச் சொல்வார்.

நெசவுத் தெருவில் அடுத்த வீட்டுக்காரர் வெறும் அடுத்த வீட்டுக்காரர் இல்லை. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை விரித்துக் கஞ்சி போட, ஒரு வீட்டு ஆட்கள் போதாது. இந்த முனையை ஒருவர் பிடிக்க, அந்த முனையை ஒருவர் இழுக்க, நடுவில் அறுந்த இழையை இன்னொருவர் முடிய வேண்டும். இன்று எங்கள் பாவு, நாளை உங்கள் பாவு. என் அம்மா பாவு பிணைக்கப் போவார். தறியில் மிஞ்சியிருக்கும் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையைச் சாம்பல் தொட்டுத் திரித்து ஒட்டுவது. ஆயிரக்கணக்கான இழை. ஒன்று இடம் மாறினாலும் சேலை முழுவதும் கோடு விழும். யார் வீட்டில் எத்தனை தறி, எந்தத் தறி நின்றது, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பாவு பிணைக்கிறவருக்குத் தெரியாமல் இருக்காது. அந்த ஆயாவுக்கு எதிர்வீட்டுக் கதை தெரிந்தது வம்பால் அல்ல, வேலையால்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் எங்கள் ஊர்க் கற்களும் செம்பும் வேறு மாதிரி பேசுகின்றன. கச்சிப்பேடு என்ற பழைய காஞ்சிபுரத்து நெசவாளரைப் பற்றி நமக்கு இருக்கும் பழைய சாட்சிகளில் முக்கியமானது உத்தம சோழனின் பத்தாம் நூற்றாண்டுச் செப்பேடு. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கம்புழான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி, ஏற்றுவழிச்சேரி என்று நெசவாளர் குடியிருந்த நான்கு பகுதிகளின் பெயர் அதில் வருகிறது. அரசனுக்கு ஆடை நெய்த பட்டசாலிகளுக்கு வரிச் சலுகை உண்டு. அதற்குப் பதிலாக ஊரகத்துப் பெருமாள் கோயிலின் காரியத்தையும் கணக்கையும் அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்றைய உலகளந்த பெருமாள் கோயில்தான் அது. இது நெசவாளர் தங்களைப் பற்றி எழுதிவைத்த ஏடு அல்ல, ஒரு கோயிலின் ஏற்பாடு. நம் தெருவின் பெயர் கோயில் வீட்டுக் கணக்கில் கிடைத்தது.

கைலாசநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் முன்மண்டபத் தூணில் இருக்கும் கன்னட எழுத்தைக் கவனிப்பதில்லை. பல்லவரை வென்று காஞ்சிக்குள் வந்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு அதை எடுக்காமல் தெய்வத்துக்கே திரும்பக் கொடுத்ததைச் சொல்லும் எழுத்து. பல்லவர்கள் சொல்ல விரும்பாத ஒரு தோல்வி எதிர்வீட்டுக்காரர் கையெழுத்தில் நம் வீட்டுத் தூணிலேயே இருக்கிறது.

சொந்த வீட்டுக்காரர் சொல்லும் கதை எப்படி இருக்கும் என்று பார்க்க வைகுந்தப் பெருமாள் கோயில் போதும். சுற்றுச் சுவர் முழுக்கப் பல்லவ வம்சம், பிரம்மாவிலிருந்து தொடங்கி வரிசையாகச் சிற்பமும் கீழே எழுத்துமாக. வாரிசு இல்லாமல் அரசன் இறந்துபோக, ஊர்ப் பெரியவர்கள் பங்காளி வழியில் ஹிரண்யவர்மனிடம் போகிறார்கள். நாலு பிள்ளைகளில் மூத்த மூவரும் மறுக்க, பன்னிரண்டு வயதுக் கடைக்குட்டி வருகிறேன் என்கிறான். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் வழியில் வந்தவன். தன் பட்டத்துக்கு உரிமை இருக்கிறதா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதால்தானோ பிரம்மாவிலிருந்து செதுக்கினார்கள் என்று எனக்குத் தோன்றும். அழகான வம்சாவளியைக் கண்டால் எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்று தேடும் புத்தி எனக்கு அந்தச் சுவரால் வந்தது. தேடுவேன். கிடைத்தால் எல்லாவற்றையும் எழுதிவிட மாட்டேன். தத்துப் பிள்ளை, இரண்டாம் தாரம், ஊரை விட்டுப் போன பெண் என்று சில பக்கங்களைப் பென்சிலில் எழுதி, அந்த வீட்டாரிடம் காட்டி, அவர்கள் சொன்னால்தான் மை போடுவேன்.

தொலைவிலிருக்கும் கைகளும் உண்டு. 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு ஜாகீரில் தாமஸ் பர்னார்டு நடத்திய அளவைக்காக ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களின் கணக்கு எடுத்தார்கள். எந்த ஊரில் எத்தனை நெசவாளர் வீடு, எத்தனை வேளாளர் வீடு என்று அதில் இருக்கிறது. அந்த ஊர்க் கணக்கர்களின் ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ‘ட்ரூரோ’ கப்பல் போனது முதல், ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒவ்வொருவருக்கும் பட்டியலில் ஒரு வரி உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், கடைசியில் உடம்பில் இருக்கும் தழும்பு. நம் வீட்டில் ‘எங்கியோ போயிட்டான்’ என்று முடிந்துபோன ஒருவரின் முழங்கால் தழும்பை முகம் தெரியாத ஒரு குமாஸ்தா எழுதி வைத்திருக்கிறார்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகும் பெரியாயாவின் பெயர் கிடைக்கவில்லை. கடைசியில் அது கிடைத்த விதத்தைச் சொல்கிறேன்.

போன வருஷம் எங்கள் தெற்கு வீட்டுத் தம்பி ஒரு பழைய கிரயப் பத்திரத்தைக் கொண்டுவந்தார். வீட்டைப் பாகம் பிரிக்கிறார்கள், வக்கீல் தாய்ப்பத்திரம் கேட்கிறார், கையெழுத்து புரியவில்லை, படித்துச் சொல்லுங்கள் சார் என்றார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பத்திரம். முத்திரைத்தாள் ஓரமெல்லாம் பொடிந்திருந்தது. விற்றவர், வாங்கியவர், தொகை எல்லாம் படித்துவிட்டு, ‘இதற்குச் செக்குபந்தி’ என்ற இடத்துக்கு வந்தேன்.

செக்குபந்தி என்றால் நாலெல்லை. கிழக்கே யார் வீடு, மேற்கே எது தெரு, வடக்கே யார், தெற்கே யார், அதன் மத்தியில் இருக்கிறது இந்த மனை என்று எழுதும் பகுதி. நந்திவர்மனின் காசாக்குடிச் செப்பேட்டில் கொடுகொள்ளி என்ற ஊரைத் தானம் கொடுக்கும்போதும் இதே முறைதான். கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று பக்கத்து ஊர்களைச் சொல்லித்தான் கொடுத்த ஊர் எது என்று காட்டுகிறார்கள். மனையை அடையாளம் காட்ட மனைக்குள் ஒன்றும் இல்லை, சுற்றியிருப்பவர்கள்தான் இருக்கிறார்கள். இந்த வழக்கம் ஆயிரத்து இருநூறு வருஷமாக மாறவில்லை.

வடக்கெல்லை எங்கள் வீடு. ‘இன்னார் விதவை இன்னார் அம்மாள் வீட்டுக்குத் தெற்கு’ என்று இருந்தது. இன்னார் என்பது என் தாத்தாவின் அப்பா. அடுத்த இன்னார் பெரியாயா.

சத்தமாகப் படித்தேன். மறுபடியும் படித்தேன். வீட்டுக்கு உடையவளாக இருந்ததால் தெற்கு வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயர் ஏறியிருக்கிறது. எங்கள் பெட்டியில் இருக்கும் பாகப்பிரிவினை அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் போட்டது. அதில் அவருக்கு வேலையில்லை. முப்பது வருஷமாக நான் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெயர் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு தகரப் பெட்டியில் இருந்திருக்கிறது.

தெற்கு வீட்டுத் தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் கேட்டார்: “அப்ப எங்க வூட்டுப் பேர் உங்க பத்திரத்துல இருக்கணுமே சார்?”

எனக்குத் திக்கென்றது. அந்தப் பாகப்பிரிவினையை நூறு முறை படித்தவன் நான். என் ஆட்களைத் தேடிப் படித்தவன். செக்குபந்தியில் கண் நின்றதே இல்லை. எடுத்து விரித்தேன். தெற்கெல்லையில் அவருடைய தாத்தா பெயர் இருந்தது. கூடவே ‘உம்’ போட்டு இன்னொரு பெயர், இருவர் வீட்டுக்கும் வடக்கு என்று.

“இது யாரு சார், ரெண்டாவது ஆளு? எங்க தாத்தாவுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லன்னுதானே சொன்னாங்க?”

எனக்கும் தெரியவில்லை. நோட்டை எடுத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். “வாங்க தம்பி, எதிர்வூட்ல கேக்கலாம்” என்றேன்.